வலப்பக்கம் சாய்த்த குடை

அனுப்புநர்:
ஹட்டோரி கினு, வயது 60,
குஞ்சு பிரிப்பவர், மிநோயா கோழிக்குஞ்சுப் பொரிப்பகம்,
ஆற்றங்கரைத் தெரு, கமிஹோரி நகரம்,
கிஃபு மாநிலம், ஜப்பான்.

பெறுநர்:
உயர்திரு நகரத் தலைவர் அவர்கள்,
நகர அலுவலகம், கமிஹோரி.

பொருள்: வயிற்றில் இருக்கும் பிள்ளை ஆணா பெண்ணா என்று அறியும் திறன் எனக்கு இல்லை என்பதை நகர அலுவலகமே ஊருக்கு அறிவிக்கவும், மேட்டுத் தெரு ஹிபினோ வீட்டு மருமகள் மிசாவோவை வரும் செவ்வாய்க்கிழமைக்கு முன் அலுவலர் ஒருவர் நேரில் கண்டு பேசவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மழைக்காலம் பிறந்து ஊரெல்லாம் நாற்று நடவில் இருக்கும் இந்நாளில் தாங்கள் நலமுடன் இருப்பீர்கள் என நம்புகிறேன். வேலை மிகுந்த நேரத்தில் தொல்லை தருவதற்கு மன்னிக்க வேண்டும். வேறு யாரிடம் போவது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

1. நான் மேற்கண்ட முகவரியில் தனியாகக் குடியிருக்கிறேன். இளவயதில் நகோயாவுக்குப் போய்க் குஞ்சு பிரிக்கும் தொழிலைக் கற்று, அன்று முதல் அதிலேயே பிழைத்து வருகிறேன். முட்டையை விட்டு வந்து ஒரு நாளே ஆன குஞ்சை இடக்கையில் பிடித்து, எச்சத்தைப் பிதுக்கி எடுத்துவிட்டு, பின்துவாரத்தைக் கட்டைவிரலால் மலர்த்தி, பெரிய விளக்கின் அடியில் பார்க்க வேண்டும். குண்டூசித் தலையிலும் சிறிய மணி ஒன்று உள்ளே உருண்டு மின்னினால் அது சேவல். இல்லாவிட்டால் பெட்டை. சேவல் என் இடப்பக்கத்துப் பெட்டிக்குப் போகும், பெட்டை வலப்பக்கத்துப் பெட்டிக்குப் போகும். வலப்பெட்டியைப் பண்ணைக்காரர்கள் வாங்கிச் செல்கிறார்கள். இடப்பெட்டி என்ன ஆகும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. அந்தக் குஞ்சுகளின் ஆவி சாந்தியடையப் பொரிப்பகத்தின் பின்புறம் நட்டிருக்கும் கல்லுக்கு ஆண்டுதோறும் முதல் ஊதுவத்தி ஏற்றுபவர் தாங்கள்தாம்.

2. இந்த ஊரில் பாதிப் பேர் ஏதாவது ஒரு காலத்தில் எங்கள் பொரிப்பகத்தில் கூலிக்கு நின்றவர்கள். கினுவின் கைக்கு இடம் என்றால் என்ன, வலம் என்றால் என்ன என்பது அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் வந்த கேடு முழுவதும் இதிலிருந்துதான் வந்தது.

3. நடப்பு ஆண்டு, அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் நெருப்புக் குதிரை ஆண்டு. இந்த ஆண்டில் பிறக்கும் பெண் கட்டியவனைத் தின்பாள் என்ற பேச்சு தங்கள் காதுக்கும் வந்திருக்கும். புத்தாண்டின்போது தங்கள் அலுவலகம் 'மூடநம்பிக்கையை ஒழிப்போம்' என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியது. நின்று படித்தேன். நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் எங்கள் பொரிப்பகத்தின் விளம்பரமும் இருந்தது. 'நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, எங்கள் கண் தப்பாது' என்று போட்டிருந்தார்கள். ஊர் இரண்டையும் படித்தது. இரண்டாவதை நம்பியது.

4. நான் இதற்கு முந்தைய நெருப்புக் குதிரை ஆண்டில் பிறந்தவள். இது ஊரறிந்த சங்கதி. எனக்கு இரண்டு வரன்கள் வந்தன. இரண்டாவதாக வந்தவர் நான் பிறந்த ஆண்டைக் கேட்டதும் வைத்த தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார். ஏழு கணவரைத் தின்பாள் என்றார்கள். இந்த மனு எழுதும் நாள் வரை ஒருவரையும் நான் தின்றதில்லை. யாரும் கிட்டவே வராததால் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. இவ்வளவு காலம் நல்ல காரியத்துக்கு எதிரே வரக் கூடாதவள் என்று என்னை ஒதுக்கிய ஊர், இந்த ஆண்டு பிறந்ததும் வேறு கணக்குப் போட்டது. குஞ்சைப் பார்த்துச் சொல்லும் கண், அதிலும் நெருப்புக் குதிரையில் பிறந்தவளின் கண், தன் இனத்தை வயிற்றுக்குள் இருக்கும்போதே கண்டுகொள்ளும் என்பது அந்தக் கணக்கு. எனக்கு மட்டும் இதை யாரும் சொல்லவில்லை.

5. பிப்ரவரி மாதத்தில் கடைத்தெரு டோஃபு வியாபாரி வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அவர்கள் மருமகள் இகுயோ ஐந்தாம் மாதம். ஐந்தாம் மாதத்தில் பஞ்சாங்கத்து நாய் நாள் பார்த்து வயிற்றுக்குத் துணி கட்டுவது நம் வழக்கம். நாயைப் போலச் சுலபமாக ஈன வேண்டும் என்று கட்டுவது. என் வாழ்நாளில் எந்த வீட்டு நாய் நாளுக்கும் என்னைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டார்களே என்ற மகிழ்ச்சியில் புதுக் காலுறை வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

துணியின் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். கட்டி முடிந்ததும் சிவப்பு அவரைச் சோற்றைப் பொட்டலமாக மடித்துக் கொடுத்தார்கள். வாங்கி என் வலப்பக்கத்தில் பாயின் மேல் வைத்தேன். இடப்பக்கத்தில் கரி நெருப்புச் சட்டி இருந்தது, அங்கே எப்படி வைப்பேன். வைத்ததும் இகுயோவின் மாமனாரான பெரியவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். இகுயோ என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கியதை மடியில் வைக்காமல் தரையில் வைத்தது மரியாதைக் குறைவோ என்று நினைத்து, குனிந்து மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் அதற்கு இன்னும் தாழக் குனிந்து வணங்கினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

6. மார்ச் மாதத் தொடக்கத்தில் அந்தப் பெரியவர் பொரிப்பகத்துக்கு வந்து, வேலை செய்து கொண்டிருந்த என் எதிரில் நின்றார். கையில் குஞ்சோடு நிமிர்ந்து பார்த்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"பொட்டைன்னு நீதானே வலப்பக்கம் வெச்ச. நாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்துட்டு வந்தோம். ஆம்பளப் புள்ளையாம். நர்சம்மா சொன்னா. என் பேரன் அவன், கினு. ஒன் கண்ணு அவிஞ்சா போச்சு?"

அந்தப் பொட்டலம் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் ஒருவரும் எதையும் கேட்கவில்லை, நானும் எதையும் சொல்லவில்லை. பக்கத்து விளக்குகளின் முன் இருந்த பெண்கள் யாரும் தலை நிமிரவில்லை. கையிலிருந்த குஞ்சை எந்தப் பெட்டியில் போட்டேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

7. அது முதல் எனக்கு நிம்மதி இல்லை. எங்கள் தொழிலில் தவறு என்றால் அது வலப்பெட்டித் தவறு. பெட்டை என்று விற்ற குஞ்சு வளர்ந்து ஒரு நாள் பண்ணையில் கூவும். பண்ணைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, "கினு அக்கா, ஒங்க பொட்டைக்குக் கொண்டை மொளைச்சிருக்கு, காலைல என்னை எழுப்பி விடுது" என்று கிண்டல் செய்வார். எல்லோரும் சிரிப்போம், முதலாளி மட்டும் சிரிக்க மாட்டார். இடப்பெட்டியில் போன தவறைப் பற்றி யாரும் கூப்பிடுவதில்லை. அது கூவுவதும் இல்லை, முட்டையிடுவதும் இல்லை. இத்தனை ஆண்டு அதைப் பற்றி நான் நினைத்தே பார்த்ததில்லை. இப்போது விளக்கின் முன் உட்கார்ந்தால் இடப்பக்கத்திலிருந்து வரும் கீச்சொலி மட்டும்தான் எனக்குக் கேட்கிறது. வீட்டிலும் கேட்கிறது. என் வீட்டில் கோழி இல்லை, ஐயா.

8. ஏப்ரலில் ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் குஞ்சுகளின் கல்லுக்குப் பக்கம் போனேன். கல்லின் கழுத்தளவில் யாரோ சிவப்பு நூலில் பின்னிய சிறிய மார்த்துணியைக் கட்டியிருந்தார்கள், செத்த பிள்ளைகளுக்காகக் கோயிலில் ஜிசோ சிலைக்குக் கட்டுவார்களே, அதே போல. கீழே பால் மிட்டாய் இரண்டு இருந்தன. மறுநாளும் போய்ப் பார்த்தபோது இகுயோ அங்கே குந்தியிருந்தாள். கோயிலுக்குப் போனால் ஊர் பேசும் என்று வீட்டில் விடவில்லையாம். 'குஞ்சுகளோட சேத்து இவனையும் பாத்துக்கட்டும்னுதான் பெரியம்மா, இதுவும் பாத்துப் பிரிச்சுப் போட்டதுதானே' என்று சொன்னாள். என்மேல் கோபம் எதுவும் காட்டவில்லை. கோபித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்த மார்த்துணி இப்போதும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த முறை ஊதுவத்தி ஏற்ற வரும்போது தாங்களே பார்க்கலாம். அதை அவிழ்க்கச் சொல்ல வேண்டாம் என்பது என் தனி வேண்டுகோள்.

9. டோஃபு வீட்டில் நடந்ததைக் கேட்ட பிறகாவது ஊர் திருந்தும் என்று நினைத்தேன். திருந்தவில்லை. நாய் நாள் அழைப்புகள் கூடின. நான் எதற்கும் போகவில்லை. வீடு தேடி வந்தவர்களிடம் கையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பேசினேன். எதையும் நட்ட நடுவில், என் மூக்குக்கு நேராகவே வைக்கப் பழகினேன். தேநீர்க் கோப்பை, செருப்பு, விளக்குமாறு எல்லாம் நடுவில். வாசலில் விளக்குமாறு நடுவில் கிடப்பதால் தடுக்கி விழுகிறேன். தங்கள் அலுவலகத்திலிருந்தும் இருவர் தம் மனைவியருக்காக வந்தனர். பெயர் எழுதவில்லை. அவர்களுக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

10. இப்போது இந்த மனுவின் காரணத்துக்கு வருகிறேன். மேட்டுத் தெரு ஹிபினோ தொமே அம்மையார் தம் மருமகள் மிசாவோவின் நாய் நாளுக்கு என்னை அழைத்தார். உடம்பு சரியில்லை என்று மறுத்துவிட்டேன். சென்ற வெள்ளிக்கிழமை, மழைக்காலத்தின் முதல் மழையில், மிசாவோ மட்டும் என் வாசலுக்கு வந்தாள். முட்டை இரண்டு கடன் கேட்டு வந்ததாகச் சொன்னாள். கோழிப் பொரிப்பகம் இருக்கும் ஊரில் முட்டைக் கடனா என்று நான் யோசித்திருக்க வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரி குடை இருந்தும் தொப்பலாக நனைந்து நிற்கிறாளே என்று மனம் இளகி, அவள் குடையை வாங்கி மடக்கி, கதவோரம் சாய்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டேன். அவள் உள்ளே வரவில்லை. எதிர் வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து தொமே அம்மையார் இறங்கி வந்தார். என்னைப் பார்த்து இடுப்பளவு குனிந்து வணங்கினார். மருமகளைத் தம் குடைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகுதான் நான் திரும்பிப் பார்த்தேன். குடை வலப்பக்கம் இருந்தது. என் வீட்டுக் கதவு இடப்பக்கம் திறக்கிறது, அங்கே குடை சாய்க்க இடம் கிடையாது. அலுவலர் யாரேனும் வந்து பார்த்தால் இது தெரியும்.

11. மறுநாளே ஹிபினோ வீட்டுக்குப் போனேன். எனக்கு எதுவும் தெரியாது, கதவைத்தான் பார்க்க வேண்டும், கையைப் பார்க்கக் கூடாது என்று மன்றாடினேன். தொமே அம்மையார் கெட்டவர் அல்ல. போர்க்காலத்தில் என்னோடு ஒரே வரிசையில் நின்று கிழங்கு வாங்கியவர். அவர் என் முன் தேநீர் வைத்தார். குடித்துவிட்டு, தெரிந்தே, கோப்பையை என் இடப்பக்கம் வைத்தேன். ஆண் என்று அவர் எண்ணிக்கொள்ளட்டும், பிள்ளை பிழைக்கட்டும் என்று செய்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"அக்கா, தெரிஞ்சு வெக்கற கை பொய் சொல்லும். தெரியாம வெக்கறதுதான் நெசம். குடைய நீங்க பாத்தா சாச்சீங்க?"

டோஃபு வீட்டில் தவறிப் போனதே என்றேன். அதற்கு அவர் சொன்னது:

"நூத்துக்கு ரெண்டு தப்பும்னு ஒங்க மொதலாளியே எழுதிப் போட்டிருக்காரே. அந்த ரெண்டுல ஒண்ணு டோஃபு வீட்டுக்குப் போயிருச்சு, பாவம். அடுத்ததும் உடனேயா தப்பும்?"

விளம்பரத்தை இப்படியும் படிக்கலாம் என்று அதை எழுதியவருக்கே தெரிந்திருக்காது. நான் மறுக்க மறுக்க, இரக்கப்பட்டு மறைக்கிறேன் என்றே அவர் எடுத்துக்கொண்டார். பக்கத்து நகரத்து மருத்துவமனையில் வரும் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கியாகிவிட்டது. மிசாவோவின் கணவர் நகோயாவில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறார். அம்மா சொல்வதே சரி என்று எழுதியிருக்கிறாராம். நான் எழுந்தபோது தொமே அம்மையார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்களுக்காகவா செய்யறோம்? பொறந்தா அந்தப் பொண்ணு எப்படி வாழும்? ஒங்களப் பாத்துட்டுத்தான் சொல்றேன் அக்கா. கோவிச்சுக்காதீங்க. ஒங்க கதி இன்னொரு புள்ளைக்கு வர வேணாம்."

12. இதற்கு எனக்குப் பதில் இருந்தது. அங்கே வாயில் வரவில்லை, அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். ஆகவே அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன். மனுவுக்குச் சம்பந்தமில்லாதது என்று தள்ளிவிட வேண்டாம், இதுவும் சாட்சியம்தான்.

என் கதி என்று சொல்கிறார்களே, அது பின்வருமாறு. எனக்குச் சொந்தமாக வீடு இருக்கிறது, கூரை ஒழுகாது. என் சம்பாத்தியத்தில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். சுமோ மல்யுத்தம் நடக்கும் நாட்களில் தெருப் பிள்ளைகள் எல்லாம் என் வீட்டில்தான் இருப்பார்கள், ஒரு டப்பா அரிசி முறுக்கைக் காலி செய்துவிட்டு, தோற்றவரை நான் ஆதரித்ததற்காக என்னைத் திட்டிவிட்டுப் போவார்கள். பொரிப்பகத்துப் பெண்களோடு வெந்நீர் ஊற்றுக்குப் போய், சாகே குடித்து, பாட்டுப் பாடி, பக்கத்து அறைக்காரர் வந்து சத்தம் போடும்வரை ஆடியிருக்கிறேன். கோடையில் ஆற்று மீனுக்கு உப்புத் தடவிக் கரியில் சுட்டு, தலையோடு தின்பேன், பங்கு கேட்க ஆள் இல்லை. கடலை இருமுறை பார்த்திருக்கிறேன். தனியாக இருந்தது கஷ்டம்தான், இல்லை என்றால் பொய். குளிர்காலத்தில் காய்ச்சல் வந்தால் தண்ணீர் எடுத்துத் தர யாரும் இல்லாமல் சுவரைப் பார்த்துக் கிடந்திருக்கிறேன். ஆனால் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று ஒரு நாளும் நான் நினைத்ததில்லை. நான் பிறந்தபோது என் தந்தை 'பொண்ணா?' என்று மட்டும் கேட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டாராம். சாயங்காலம் திரும்பி வந்து, கை கழுவிவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டாராம். என் தாய் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த நாளில் என் வீட்டு வாசலில் எவரும் குடை சாய்க்கவில்லை, அதனால் நான் இருக்கிறேன்.

என் வாழ்க்கையைக் காட்டி ஒரு பிள்ளையை இல்லாமல் ஆக்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை, ஐயா. என் கையைக் காட்டி முன்பு ஒன்றைச் செய்தார்கள். இப்போது என் கை, என் வாழ்க்கை இரண்டையும் சேர்த்துக் காட்டுகிறார்கள்.

13. பிள்ளை வேண்டாம் என்று தானே முடிவெடுக்கும் பெண்ணைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. சட்டம் இடம் கொடுத்திருக்கிறது, அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். மிசாவோ அப்படிச் சொல்லவில்லை. நேற்று நடவிலிருந்து திரும்பும் வழியில் அவள் என் வாசலுக்கு எதிரே, சாலையிலேயே நின்றாள். குடையை எடுத்துக்கொடுக்க நான் குனிந்தேன். பதறித் தடுத்தாள்.

"தொடாதீங்க பெரியம்மா. அப்படியே இருக்கட்டும். நீங்க எந்தக் கையில எடுத்தாலும் அத்தை அதுக்கும் ஒரு அர்த்தம் வெச்சிருவாங்க." பிறகு, "முந்தாநாள் அசைஞ்சுது. மொத தடவ. யார்கிட்டயும் சொல்லல" என்றாள். நனைந்துகொண்டே போய்விட்டாள்.

யாரிடமும் சொல்லாததை என்னிடம் ஏன் சொன்னாள் என்று நேற்று இரவு முழுக்க யோசித்தேன். நான் ஏதாவது செய்வேன் என்று அவள் நம்புகிறாள். என் சொல்லுக்கு இந்த ஊரில் மதிப்பு இல்லை, என் கைக்குத்தான் இருக்கிறது. தங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது.

ஆகவே கீழ்க்கண்டவாறு ஆவன செய்ய வேண்டுகிறேன்:

அ) வீட்டுக்கு வீடு சுவரில் மாட்டியிருக்கும் ஒலிபரப்புப் பெட்டியில், காலையில் வானிலையும் நெற்பூச்சி மருந்தும் சொல்லும் நேரத்தில், தாங்களே பேச வேண்டும். எழுத்தர் படித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஹட்டோரி கினு ஒரு நாளே ஆன குஞ்சைக் கையில் பிடித்து, விளக்கில் பார்த்து, அப்படியும் தவறுபவள் என்றும், பெண்களின் வயிற்றைப் பற்றி ஊர் நாய்க்குத் தெரிந்த அளவுகூட அவளுக்குத் தெரியாது என்றும் சொல்ல வேண்டும். என் பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்தே சொல்லலாம். எனக்கு அவமானம் என்று தயங்க வேண்டாம்.

ஆ) செவ்வாய்க்கிழமைக்கு முன்பு பொதுநலச் செவிலியர் ஒருவரைத் தங்கள் கடிதத்துடன் ஹிபினோ வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மிசாவோவை மாமியார் இல்லாத அறையில் வைத்து, அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளிடமே கேட்க வேண்டும். இதுவரை யாரும் கேட்கவில்லை.

இ) அறிவிப்புப் பலகையில் நகர அலுவலகத் தாளுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் விளம்பரத்தை எடுத்துவிட வேண்டும். எங்கள் முதலாளி நகர மன்ற உறுப்பினர் என்பது தெரியும். இதனால் என் வேலை போகுமானால் போகட்டும். கண்ணும் முன்போல் இல்லை.

ஈ) என் வாசலில் இருக்கும் குடையை அலுவலக ஆள் ஒருவர் வந்து எடுத்துப்போய் உரியவரிடம் சேர்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை முதல் நான் அதைத் தொடவில்லை. வெளியே போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மழை நின்ற பிறகும் அதிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்கிறது. அது முழுதும் காய்ந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும்.

இவ்வளவு செய்தும் ஹிபினோ வீட்டார் அஞ்சினால், கடைசியாக ஒன்றைத் தெரிவித்துக்கொள்கிறேன். மிசாவோவுக்கு அதில் சம்மதம் இருந்தால் மட்டும், பிறக்கும் பிள்ளையை என் பெயரில் பதிவு செய்யத் தாங்கள் அனுமதிக்க வேண்டும். இந்த வீட்டில் தின்பதற்குக் கணவர் யாரும் இல்லை. அறை ஒன்று காலியாக இருக்கிறது. தாய் தினமும் வந்து பார்த்துப் போகலாம், கதவு இடப்பக்கம் திறக்கும். பிள்ளையைத் துணியில் சுற்றி அப்படியே என் கையில் கொடுத்தால் போதும். ஆணா பெண்ணா என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். துணியை விலக்கிப் பார்க்க மாட்டேன் என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.

செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் சில நாட்களே உள்ளன என்பதை நினைவூட்டி, தங்கள் விரைவான உத்தரவை எதிர்நோக்கிப் பணிவுடன் முடிக்கிறேன்.

இடம்: கமிஹோரி
நாள்: 9 ஜூன் 1966

இப்படிக்கு,
ஹட்டோரி கினு
(முத்திரை: தாளின் நடுவில் இடப்பட்டது)